தங்கவயல் குத்தகை: மேசையில் இருந்தவர்களும் இல்லாதவர்களும்

(பெங்களூருவில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பெங்களூருவின் செல்வச் செழிப்பான வீதிகளில் ஒன்று லாவெல் சாலை. மைக்கேல் ஃபிட்ஜெரால்டு லாவெல் என்ற அயர்லாந்துக்காரரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருக்கிறது. நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கு எதிராக பிரிட்டிஷார் நடத்திய போரில் பங்கேற்றுவிட்டு, பெங்களூரு கண்டோன்மெண்டில் குடியேறிய படைவீரர் அவர். அந்தச் சாலையில் அவருக்கு இருந்த மாளிகையின் பெயர் ‘உரிகம் ஹவுஸ்’. உரிகம் என்பது கோலார் தங்கவயலில் உள்ள ஓர் ஊர். மாளிகையின் பெயரே அதன் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது.

கனிம வளங்களையும் எண்ணெய் வளங்களையும் தனியாருக்குக் கொடுப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், “ராயல்டி எத்தனை சதவீதம்?” என்ற ஒரே கேள்வியோடு விவாதம் முடிந்துவிடுகிறது. அது முக்கியமான கேள்விதான். ஆனால் போதுமான கேள்வி அன்று. ஒப்பந்தம் பேசப்பட்ட மேசையில் யார் யார் அமர்ந்திருந்தார்கள், யாருக்கு இடம் மறுக்கப்பட்டது என்று பார்த்தால்தான் அந்தச் சதவீதத்தின் பொருள் விளங்கும். தங்கவயல் குத்தகையின் வரலாறு இதற்குச் சிறந்த பாடம்.

ஒரே தரப்பு அமர்ந்த மூன்று நாற்காலிகள்

கோலார் மண்ணில் தங்கம் இருப்பது அங்கு வாழ்ந்த மக்களுக்கு முன்பே தெரியும். திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, 1802இல் மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், மாரிகுப்பம், உரிகம் பகுதிகளில் கிராம மக்கள் குழி தோண்டி, மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைக் கண்டு அறிக்கை எழுதினார். பல பத்தாண்டுகள் கழித்து அந்த அறிக்கையைப் படித்த லாவெல், மாட்டுவண்டியில் அப்பகுதிக்குச் சென்று பார்த்தார். 1873இல் அகழ்வு உரிமை கேட்டு விண்ணப்பித்தார். தங்கம் கிடைத்தால் அரசுக்குப் பெரும் பயன், கிடைக்காவிட்டால் அரசுக்குச் செலவில்லை என்பது அவருடைய வாதம். இன்றுவரை சுரங்க நிறுவனங்கள் எல்லா அரசுகளிடமும் வைக்கும் வாதம் இதுவே.

அவர் விண்ணப்பித்தது எந்த அரசிடம்? 1831 முதல் மைசூரின் நிர்வாகம் பிரிட்டிஷ் கமிஷனர்களிடம் இருந்தது. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1868இல் மறைந்தபோது, அவருடைய தத்துப் பிள்ளை சாமராஜேந்திர உடையார் சிறுவர். ஆட்சி பெங்களூருவிலிருந்து, இன்று கர்நாடக உயர்நீதிமன்றமாக விளங்கும் அட்டாரா கச்சேரியிலிருந்து நடந்தது. ஆக, காலனிய அதிகாரி, மன்னர், நிறுவனம் என மூன்று தரப்புகள் பேசி முடித்த ஒப்பந்தம் என்று ஏட்டில் இருந்தாலும், உண்மையில் மன்னரின் நாற்காலியிலும் காலனிய அதிகாரிதான் அமர்ந்திருந்தார். எதிரே அமர்ந்தவரும் அதே ராணுவத்தின் ஓய்வுபெற்ற வீரர்.

1875 பிப்ரவரி 2 அன்று லாவெலுக்குக் குத்தகை வழங்கப்பட்டது. ஒவ்வொன்றும் இரண்டு சதுர மைல் பரப்புள்ள பத்து நிலத்துண்டுகளை அவர் விருப்பம்போல் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். குத்தகைக் காலம் 20 ஆண்டுகள். முன்பணம் எதுவும் இல்லை. அரசுக்கு நிகர இலாபத்தில் 10 சதவீதம். இலாபம் மிக அதிகமானால் கூடுதல் பங்கு.

லாவெலிடம் முதலீடு இல்லை. சில குழிகளைத் தோண்டியபின் தம் உரிமைகளை மேஜர் ஜெனரல் பெரெஸ்ஃபோர்டுக்கு மாற்றிக் கொடுத்தார். பெரெஸ்ஃபோர்டும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து ‘கோலார் கன்செஷனர்ஸ்’ என்ற குழுவை அமைத்தார்கள். அவர்கள் செய்த முதல் வேலை, மண்ணைத் தோண்டுவதற்கு முன்பே நிபந்தனைகளைத் தோண்டியது. தலைமைக் கமிஷனரிடம் விண்ணப்பித்தார்கள், அவரும் இசைந்தார். குத்தகைக் காலம் 20 ஆண்டுகளிலிருந்து 30 ஆண்டுகளானது. இலாபத்தில் பங்கு என்பது போய், எடுக்கப்படும் தங்கத்தின் மதிப்பில் 5 சதவீதம் என்ற நிலையான ராயல்டி வந்தது.

1881 மார்ச் 25 அன்று சாமராஜேந்திர உடையாரிடம் ஆட்சி திருப்பி ஒப்படைக்கப்பட்டது. ரங்காச்சார்லு திவான் ஆனார். 1883 முதல் சேஷாத்ரி ஐயர். நாடு கைக்கு வந்தபோது குத்தகையும் கூடவே வந்தது. 20 சதுர மைல் நிலமும் ஏற்கெனவே பங்கு போடப்பட்டிருந்தது. ஒப்படைப்புப் பத்திரத்தின் ஒரு விதி, நிதி, வரி, வணிகம், தொழில் ஆகியவை குறித்து கவர்னர் ஜெனரல் கூறும் ஆலோசனைக்கு மகாராஜா எப்போதும் இணங்கி நடக்க வேண்டும் என்றது. அந்த ஆலோசனையை நாள்தோறும் எடுத்துச் சொல்ல பெங்களூருவில் ரெசிடென்ட் இருந்தார். கிடைத்த விலைக்கு மேல் பேரம் பேசும் வலிமை எந்தத் திவானுக்கும் இல்லை.

ஐந்து சதவீதத்தின் கணக்கு

இலாபப் பங்கை விட்டுவிட்டு ராயல்டிக்கு மாறியது முழுக்க முழுக்க இழப்பா? இங்கே அவசரப்படக் கூடாது. நிகர இலாபம் என்பது நிறுவனத்தின் கணக்கேட்டில் எழுதப்படும் எண். செலவைக் கூட்டி எழுதினால் இலாபம் குறையும். எடுத்த தங்கத்தின் எடையை மறைப்பது அதைவிடக் கடினம். எனவே மொத்த உற்பத்தியின்மேல் பங்கு கேட்பது தன்னளவில் தவறான நிலை அன்று. குறை எங்கே என்றால், விகிதம் மிகத் தாழ்ந்தது; தங்கம் கொட்டிய ஆண்டுகளிலும் அது உயரவில்லை; கணக்கைச் சரிபார்த்து நிபந்தனையை மாற்றும் அதிகாரம் நிலத்தின் சொந்தக்காரரிடம் இல்லை.

லண்டனின் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் 1880இல் தங்கவயலுக்கு வந்தது. முதல் சில ஆண்டுகள் பணம் கரைந்தது. 1883இல் மைசூர் சுரங்கத்தில் கேப்டன் பிளம்மர் சாம்பியன் படிவைத் தொட்டார். அதன்பின் மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் சுரங்கங்கள் பொன்னாகப் பொழிந்தன. உச்சமான 1905ஆம் ஆண்டில் மட்டும் 6 லட்சம் அவுன்சுக்கு மேல் தங்கம் எடுக்கப்பட்டது. அதன் மதிப்பு 23 லட்சம் பவுண்டுக்கும் அதிகம். இதில் 5 சதவீதம் என்றால் சுமார் 1 லட்சத்து 18 ஆயிரம் பவுண்டு. ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய் என்ற அன்றைய கணக்கில் ஏறத்தாழ 18 லட்சம் ரூபாய்.

இதன் பக்கத்தில் இன்னோர் எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். மைசூர் பிரிட்டிஷாருக்கு ஆண்டுதோறும் செலுத்திய கப்பம் முதலில் 24.5 லட்சம் ரூபாய். ஆட்சி ஒப்படைப்பின்போது இது 35 லட்சமாக உயர்த்தப்பட்டது. உயர்வு 1896இல் நடைமுறைக்கு வந்தது. கூடுதலாகச் சுமத்தப்பட்ட பத்தரை லட்சம் மட்டுமே, உச்ச ஆண்டின் ராயல்டியில் பாதிக்கு மேல். அதாவது 100 ரூபாய்த் தங்கத்தில் 95 ரூபாய் நிறுவனத்தின் கையில். மைசூருக்குக் கிடைத்த 5 ரூபாயிலும் பெரும்பகுதி கூடுதல் கப்பத்துக்கு ஈடு. வலது கையால் கொடுத்ததை இடது கையால் வாங்கிக்கொண்ட ஏற்பாடு இது.

ஒப்பந்தத்தில் எழுதப்படாத செலவுகள் வேறு. பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருபேட்டையிலிருந்து, மாரிகுப்பம் வரையிலான ரயில்பாதை 1894இல் திறக்கப்பட்டது. அதைப் போட்டது மைசூர் அரசு. குடிநீர் பேத்தமங்கலத்திலிருந்து வந்தது. 1902இல் சிவனசமுத்திரத்தில் காவிரி நீரில் மின்சாரம் உற்பத்தி செய்யப்பட்டு, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியே தங்கவயலுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பெங்களூரு நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். தலைநகருக்கு மூன்றாண்டு முன்பே சுரங்கத்துக்கு மின்சாரம்! மின்சாரத்துக்கு நிறுவனங்கள் விலை கொடுத்தன, அரசுக்கும் வருவாய் வந்தது என்பது உண்மை. ஆயினும் ஒரு நாட்டின் முதல் பெரும் மின்திட்டம் யாருடைய தேவையை முன்னிட்டு எழுந்தது என்பதை அந்தக் கம்பி சென்ற திசையே காட்டுகிறது.

ஹைதராபாத்தில் நடந்த மோசடி

மன்னர் நேரடியாக ஆண்ட சமஸ்தானத்தில் நிலைமை மேலாக இருந்ததா? 1886இல் ஹைதராபாத் நிஜாம் அரசு, தன் ஆட்சிப் பகுதியின் கனிமங்களை அகழும் 99 ஆண்டு உரிமையை இரண்டு ஆங்கிலேயர்களுக்கு வழங்கியது. அவர்கள் லண்டனில் ஹைதராபாத் டெக்கான் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1 லட்சம் பங்குகளில் 85,000 பங்குகளை, கைப்பணம் போடாமலே உரிமைதாரர்கள் தங்களுக்கு எழுதிக்கொண்டார்கள். பிறகு நிஜாமின் சார்பில் பேசிய அப்துல் ஹக் என்ற அதிகாரியின் மூலம், அதே நிஜாம் அரசின் பணத்தைக் கொண்டே பல்லாயிரம் பங்குகள் உயர்ந்த விலைக்கு வாங்கப்பட்டன. அந்த அதிகாரிக்கும் இலாபத்தில் பங்கு இருந்தது அம்பலமானது. 1888இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. அப்துல் ஹக் பதவி இழந்தார். கம்பெனியின் உரிமை பிழைத்துக்கொண்டது.

மைசூரில் மன்னரின் நாற்காலியில் காலனிய அதிகாரி அமர்ந்தார். ஹைதராபாத்தில் மன்னரின் ஆளையே நிறுவனம் விலைக்கு வாங்கியது. வழிகள் இரண்டு, விளைவு ஒன்று.

பெங்களூரு ரெசிடென்சியும் வளைகுடா ரெசிடென்சியும்

இந்திய சமஸ்தானங்களில் பழகிய இந்த முறை, அடுத்த தலைமுறையில் எண்ணெய்க்கு இடம் மாறியது. பாரசீக வளைகுடாவின் ஷேக்குகளைக் கண்காணித்த பிரிட்டிஷ் ரெசிடென்ட் புஷையர் துறைமுகத்தில் இருந்தார். அவரும் பெங்களூருவில் இருந்த ரெசிடென்டும் இந்திய அரசின் ஒரே அரசியல் துறையின் அதிகாரிகள். அங்கே புழங்கியதும் இந்திய ரூபாய்தான்.

1913இல் குவைத் ஷேக்கிடமும் 1914இல் பஹ்ரைன் ஷேக்கிடமும், பிரிட்டிஷ் அரசின் இசைவின்றி எவருக்கும் எண்ணெய் உரிமை வழங்குவதில்லை என்ற உறுதிமொழி எழுதி வாங்கப்பட்டது. ஒரு பீப்பாய் எண்ணெய் கூட வெளிவராத காலம் அது. பேரம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, வேறு ஒருவரிடம் விலை கேட்கும் உரிமை ஷேக்கிடமிருந்து பறிக்கப்பட்டது. 1934 டிசம்பரில் குவைத் ஷேக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் காலம் 75 ஆண்டுகள். கையெழுத்துப் பணம் 4 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய். ராயல்டி டன்னுக்கு 3 ரூபாய். அதற்கு முன்பே நிறுவனமும் பிரிட்டிஷ் அரசும் தமக்குள் ஓர் அரசியல் உடன்பாடு செய்து முடித்திருந்தன.

ஈரானில் 1901இல் வில்லியம் நாக்ஸ் டார்சி பெற்ற உரிமை 60 ஆண்டுகளுக்கானது. ஷாவுக்கு 20,000 பவுண்டு ரொக்கம், 20,000 பவுண்டு மதிப்புள்ள பங்குகள், நிகர இலாபத்தில் 16 சதவீதம். கோலாரின் 5 சதவீதத்தோடு ஒப்பிட்டால் 16 என்பது பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் இலாபம் எவ்வளவு என்று சொல்வது கம்பெனி. 1930இல் ஈரானுக்கு சுமார் 12 லட்சத்து 88 ஆயிரம் பவுண்டு கிடைத்தது; உலக நெருக்கடி முற்றிய 1931இல் அது சுமார் 3 லட்சத்து 7 ஆயிரமாகச் சரிந்தது. 1932இல் ஷா ஒப்பந்தத்தை ரத்து செய்தார். 1933இல் எழுதப்பட்ட புதிய ஒப்பந்தம் மேலும் 60 ஆண்டுகளுக்குக் கம்பெனியின் பிடியை உறுதி செய்தது. 1951இல் மொசாதேக் அரசு எண்ணெயை தேசியமயமாக்கியது. 1953இல் அந்த அரசு கவிழ்க்கப்பட்டது. கையெழுத்தை மாற்ற முயன்றவர்களுக்கு ஏகாதிபத்தியம் என்ன பதில் வைத்திருந்தது என்பதை உலகம் கண்டது.

மேசையில் இல்லாத நான்காவது தரப்பு

ஆகவே அதிகாரி, மன்னர், நிறுவனம் என்ற மூவரும் எத்தனை முறை பேசினாலும், அவர்களுக்குள் ராயல்டி சற்றுக் கூடும், சற்றுக் குறையும். நான்காவது தரப்பு ஒன்று உண்டு. வட ஆற்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களின் வறண்ட கிராமங்களிலிருந்து பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் விரட்டப்பட்டு வந்த மக்கள், அவர்களில் பெரும்பான்மையினர் ஆதிதிராவிடர்கள். ஒப்பந்தக்காரர்கள் மூலம் ஆள் சேர்க்கப்பட்டது. ஐரோப்பியருக்கு பங்களாவும் கிளப்பும்; தொழிலாளிக்குத் தட்டிக் குடிசை.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் காலப்போக்கில் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குச் சென்றது. அந்த ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். வெப்பம் உடலை வாட்டும். துளையிடும்போது எழும் பாறைத்தூள் நுரையீரலில் படியும். 1940களில் தங்கவயலில் 7,653 தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட மருத்துவ ஆய்வில், 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு சிலிக்கோசிஸ் இருப்பது கண்டறியப்பட்டது. 1875ஆம் ஆண்டுக் குத்தகையிலோ, 1910இலும் 1940இலும் நடந்த குத்தகைப் புதுப்பித்தல்களிலோ, இந்த நுரையீரல்களுக்கு என்ன ராயல்டி என்று எவரும் கேட்கவில்லை. மண்ணுக்கு விலை பேசியவர்கள் மனிதருக்குப் பேசவில்லை.

பேச வைத்தவர்கள் தொழிலாளர்களே. 1930 ஏப்ரலில், ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் பதிவு செய்யும் திட்டத்தைக் கம்பெனிகள் கொண்டுவந்தன. குற்றவாளிகளிடம் எடுப்பதை எங்களிடம் எடுப்பதா என்று தங்கவயல் கொதித்தது. அங்கீகரிக்கப்பட்ட சங்கம் இல்லை. பெயர்பெற்ற தலைவர் இல்லை. ஆயினும் பல்லாயிரம் தொழிலாளர்கள் சுமார் மூன்று வாரம் சுரங்கத்தில் இறங்க மறுத்தார்கள். திட்டம் பின்வாங்கப்பட்டது. ஐம்பது ஆண்டுக் குத்தகை வரலாற்றில், மைசூர் தர்பாரால் செய்ய முடியாததை, கம்பெனி எடுத்த முடிவைத் திரும்பப் பெற வைப்பதை, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று இகழப்பட்டவர்கள் செய்து காட்டினார்கள்.

1940களில் செங்கொடிச் சங்கம் வேரூன்றியது. கூலி, பஞ்சப்படி, குடியிருப்பு என்று கோரிக்கைகள் விரிந்தன. 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிர்நீத்தார்கள். அந்தத் தியாகிகளின் நினைவு தங்கவயலில் இன்றும் போற்றப்படுகிறது. சுதந்திரத்துக்குப்பின் எழுந்த தேசியமயக் கோரிக்கையின் பின்னால் இந்த ரத்தம் இருந்தது. 1970 வரை நீடிக்க வேண்டிய குத்தகை, 1956 நவம்பர் இறுதியில் முடிவுக்கு வந்தது. மைசூர் மாநில அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962இல் அவை ஒன்றிய அரசின் கைக்குச் சென்றன.

மீண்டும் ஒரு மேசை

தேசியமயம் அடிவானத்தை மாற்றியது. ஆனால் அது தொழிலாளியின் நாற்காலியை மேசைக்குக் கொண்டுவந்து போடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2001 பிப்ரவரி இறுதியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது, முடிவு டெல்லியில் எடுக்கப்பட்டது. ஒரு நகரமே வேலையிழந்தது. இன்று தங்கவயலின் இளைஞர்கள் விடியுமுன் ரயிலேறி பெங்களூருவுக்கு வேலைக்கு வருகிறார்கள். இரவில் வீடு திரும்புகிறார்கள்.

சுரங்கத்துக்குமேல் நூறாண்டாகக் கொட்டிய சயனைடு கழிவு மேடுகள் எஞ்சியிருக்கின்றன. காற்றடிக்கும் காலத்தில் அதன் தூசி வீடுகளுக்குள் நுழைகிறது. அந்த மேடுகளிலும் தங்கம் மிச்சம் இருக்கிறது. 1,003 ஏக்கர் பரப்பில் உள்ள 13 மேடுகளிலிருந்து அதை எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு அளித்தது. ஆக, தங்கவயலில் மீண்டும் ஒரு மேசை போடப்படுகிறது.

இன்றைய சட்டப்படி தங்கத்துக்கான ராயல்டி, கனிமத்தில் உள்ள தங்கத்தின் சந்தை விலையில் 4 சதவீதம். விகிதத்தை நிர்ணயிப்பது ஒன்றிய அரசு. காலனிய அதிகாரி 1870களில் ஒப்புக்கொண்டது 5 சதவீதம்! 2015க்குப் பிறகு ஏலத்தில் செல்லும் சுரங்கங்களுக்கு ராயல்டிக்கு மேல் ஏலத்தொகை உண்டு, மாவட்ட கனிம அறக்கட்டளைக்கு ஒரு பங்கு உண்டு என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். 2024 ஜூலை 25 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், ராயல்டி என்பது வரி அன்று என்றும், கனிம உரிமைகள்மேல் வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. மாநில உரிமைக்காகப் போராடுவோருக்கு இது வலுவான கருவி. ஆனால் மாநிலக் கருவூலத்துக்குப் போகும் பணம் தானாகத் தட்டிக் குடிசையின் வாரிசுகளுக்கு வந்து சேராது. மைசூர் தர்பாரின் கருவூலத்துக்கும் ராயல்டி வந்துகொண்டுதான் இருந்தது.

எனவே எந்தக் கனிம ஒப்பந்தம் வந்தாலும், அது தங்கவயலின் கழிவு மேடாயினும் காவிரிப் படுகையின் எண்ணெய்க் கிணறாயினும், தோழர்கள் ஐந்து கேள்விகளை மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டும். பங்கு எதன்மேல் கணக்கிடப்படுகிறது, அந்தக் கணக்கைச் சரிபார்ப்பது யார்? விலை உயர்ந்தால் மக்களின் பங்கும் உயருமா? ரயில், நீர், மின்சாரம், சாலை ஆகியவற்றின் செலவு யாருடையது? உழைப்பவரின் உயிருக்கும் உடலுக்கும் அருகில் குடியிருப்போரின் நலத்துக்கும் எழுத்தில் என்ன உறுதி? எடுத்து முடித்தபின் எஞ்சும் நிலத்தையும் மக்களையும் யார் பார்த்துக்கொள்வார்கள்?

1875இல் இந்தக் கேள்விகளைக் கேட்க தங்கவயலில் சங்கம் இல்லை. இன்று இருக்கிறது. சிலிக்கோசிஸால் தந்தையை இழந்த குடும்பங்கள் இருக்கின்றன. குடியிருக்கும் லைன் வீட்டுக்கு உரிமைப் பத்திரம் கேட்டுப் போராடும் முன்னாள் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பெங்களூருவில் அவர்களுடைய பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கழிவு மேட்டுக்கான ஒப்பந்தம் எழுதப்படும் முன்பே இவர்களை ஒன்றுதிரட்ட வேண்டும். கையெழுத்தான பிறகு நிபந்தனையை மாற்றுவதற்கு தங்கவயல் கொடுத்த விலை எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும்.